சாரம் வேண்டாம்

வீரபாண்டிக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. சாலைக் கடைவீதியில் பெயின்ட் வாங்கினால் கடைக்காரர் எதிரிலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். டீக்கடையில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அன்று அவருக்கு டீ இறங்காது. சங்கரன்கோவிலை விட்டுத் திருவனந்தபுரம் வந்து எட்டு மாதம் ஆகியும் ஒரு வேலையிலும் நிலைக்காததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

கரமனையில் ஷீனா டீச்சர் வீடுதான் உருப்படியாக வாய்த்த வேலை. முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க மூன்று மாதமாவது ஆகும். அதை நம்பித்தான் ஊரிலிருக்கும் மனைவி மாடம்மாளை வரச்சொல்லியிருந்தார். அன்று சாயங்கால பஸ்ஸுக்கு அவள் மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

கூடத்துச் சுவர் இரண்டு ஆள் உயரம். வீரபாண்டி சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டி, டீச்சர் கேட்டபடி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிறம் அடித்துக் காட்டினார். ஒன்று மஞ்சள், மற்றது கிரே. டீச்சர் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், ஜன்னலை மூடியும் பார்த்தார். எது வேண்டும் என்று சொல்லாமலே உள்ளே போய்விட்டார். இப்படி மாதிரி பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்ட வீட்டை வீரபாண்டி ஏற்கெனவே கண்டவர். 

உள்ளிருந்து டீச்சர் கணவரிடம் போனில் பேசுவது கேட்டது.

"சாரம் வேண்டா. அது நாளெ தன்னெ களயணம்."

சாரம் வேண்டாமாம், நாளைக்கே கழற்ற வேண்டுமாம். நினைத்தது சரியாகிவிட்டது. அவர்களாகச் சொல்லி அனுப்பும்வரை நிற்க அவருக்கு என்ன தலையெழுத்து. மாடம்மாளுக்குப் போன் போட்டு, "வேலை போச்சு, நீ வராத," என்றார். பிறகு கோபத்தோடு கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கடைசிக் கம்பை இறக்கும்போது டீச்சர் வந்தார்.

"அண்ணாச்சி, எந்தினா இது அழிச்சது? மேலெ மஞ்ஞ அடிக்கண்டே?" ஏன் பிரித்தீர்கள், மேலே மஞ்சள் அடிக்க வேண்டாமா என்று கேட்டார்.

"நீங்கதான சாரம் வேண்டாம்னீங்க."

டீச்சர் கிரே அடித்த இடத்தைச் சுட்டிக் காட்டினார். "இதல்லே சாரம்?"

மலையாளத்தில் சாரம் என்றால் சாம்பல். பெயின்ட்காரர்கள் வாயில் எப்போதும் கிரேதான். எட்டு மாதத்தில் அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. வாசலுக்கு ஓடி மாடம்மாளை மறுபடி அழைத்தார். சாரம், சாம்பல், மஞ்சள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி, சாயங்கால பஸ்ஸுக்கே வரச்சொன்னார்.



"மத்தியானம் வராதன்னீங்க. இப்ப வான்னு சொல்றீங்க," என்றாள் மாடம்மாள் நிதானமாக. "நடுவுல அங்க யாரு வந்துட்டுப் போனா?"