ஊமைக் கட்டை

கண்ணுசாமிக்குக் கருமாதி முடிந்து, பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டு போன மறுநாளே அவருடைய மகன் அழகுராஜா ஒரு காரியம் செய்தான். அய்யாவின் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கி, லோடு ஆட்டோவில் பூக்கூடைகளுக்கு நடுவே வைத்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனான். மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு, பேகம்பூரில் முனீர் பாயிடம் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தான். மனைவி தீபாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பெட்டியில் மேல் ஸ்தாயியில் ஒரு வெள்ளைக் கட்டை ஊமை. அமுக்கினால் உஸ்ஸென்று காற்று மட்டும் வரும். நாடக செட்டில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் பார்வை மங்கி நத்தத்தில் ஒதுங்கிக் கிடந்தபோது, அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் கண்ணுசாமி. அந்த நன்றிக்கு அந்த நாடகக்காரர் கொடுத்துவிட்டுப் போனது இந்தப் பெட்டி. வரும்போதே ஊமையாகத்தான் வந்தது. சரிபண்ணலாம் என்று அழகுராஜா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்டா அப்பு. நம்மள என்ன பண்ணுது?" என்பார். தனக்கே பல் போனபோது கட்டிக்கொள்ளாத மனிதர், பெட்டிக்கா கட்டப்போகிறார்!

நத்தம் ரோட்டில் கோபால்பட்டி தாண்டி, ரோட்டை ஒட்டினாற்போல அவருக்குக் கொஞ்சம் பூமி. சம்பங்கியும் செண்டுமல்லியும் போட்டிருந்தார். வருஷம் முழுக்கப் பூவுக்கு உழைத்தார் என்றால், தை பிறந்ததும் கால்களுக்கு உழைத்தார். சிங்கம்புணரி, நத்தம் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிற சாமிகள் அந்த வழியாகத்தான் வருவார்கள். பூமி ஓரத்தில் கொட்டகை போட்டு, அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் போட்டு, வருகிறவர்களை உட்காரவைத்துக் காலைக் கழுவிவிடுவார். கழுவி, துடைத்து, வேப்பெண்ணெய் தடவி, அதே காலைத் தொட்டுக் கும்பிடுவார். பெரியவர், சின்னவர், ஆண், பெண் எல்லாரும் அவருக்குச் சாமிதான். ஒருமுறை இடுப்பில் இருந்த கைக்குழந்தையின் காலையும் கழுவிவிட்டுக் கும்பிட்டார். நடக்காத காலுக்கு எதற்கு வெந்நீர் என்று தம்பி இருளப்பன் கேட்டதற்கு, "சொமந்துக்கிட்டு வந்தா மட்டும் அது பழனி போகலையாக்கும்?" என்றார்.

கொப்புளத்தை உடைக்க விடமாட்டார். அதில்தான் கோபம் வரும். முள்ளை எடுத்துக் குத்தப் போகிறவனின் கையில் பட்டென்று ஒரு அடி விழும். அடித்த வேகத்தில் அவன் காலிலேயே விழுந்து கும்பிடுவார். அடி வாங்கியவனுக்கும் கோபிக்க வழியிருக்காது.

வெந்நீரில் கால் ஊறும் நேரத்துக்குத்தான் பாட்டு. அவரே கட்டிய பாட்டு. பெரிய சங்கீதம் ஒன்றும் இல்லை, பாடப் பாட வாயில் ஒட்டிக்கொள்ளும்.

கல்லுக் குத்துது காலிலே
ஒன் பேரு இனிக்குது நாவிலே
மேலே ஏறி வாரேன் அய்யா
மெதுவாக் கையக் குடுமய்யா

மூன்றாவது வரியில் 'மேலே' என்கிற இடத்தில் ராகம் ஏறும். ஏறிப்போய் சரியாக அந்த ஊமைக் கட்டையில் முட்டிக்கொள்ளும். அந்த இடம் வந்ததும் கண்ணுசாமி விரலை எடுத்துவிட்டு, "முருகா!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். பெட்டியின் குறையைச் சமாளிக்க அவர் கண்டுபிடித்த வழி அது. கேட்கும்போதெல்லாம் அழகுராஜாவுக்குக் கூச்சமாக இருக்கும். நன்றாகப் போகிற வண்டியைப் பள்ளத்தில் இறக்குவதுபோல் இருக்கிறதே, இந்தக் கட்டை மட்டும் பேசிவிட்டால் அய்யாவின் பாட்டு எப்படி இருக்கும் என்று சிறுவயதிலிருந்தே அவனுக்கு ஓர் ஏக்கம்.

கார்த்திகை பிறந்த வாரத்தில், விடிகாலையில் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்தவர் பாத்தியிலேயே சாய்ந்துவிட்டார். மடியில் கட்டியிருந்த பூ சிந்தவில்லை. எழுபத்தாறு வயதில் நல்ல சாவு என்று ஊரே சொன்னது. அழகுராஜாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நல்ல சாவாக இருந்தாலும் அய்யா இல்லை, அவ்வளவுதான்.

பெட்டியைப் பழுது பார்த்தது அதனால்தான். வருகிற தையில் கொட்டகை போட்டு, குறையில்லாத பெட்டியை வைத்து அய்யாவின் பாட்டை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். முனீர் பாய் அந்த ஊமைக் கட்டைக்குப் புது ரீடு போட்டுக் கொடுத்தார். வீட்டில் வைத்து அந்தக் கட்டையை அமுக்கியபோது கணீரென்று வந்தது. அடுப்படியிலிருந்து தீபா எட்டிப் பார்த்தாள்.

"மாமா தொடவிடாத கட்டைய ஏங்க தொட்டீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அழகுராஜா பெட்டியை மூடிவிட்டான். யாரோ அந்நியர் வீட்டுக்குள் வந்து பேசியதுபோல் அவனுக்கே இருந்தது.

அதற்குள் சித்தப்பா இருளப்பன் வேறு வந்து நின்றார்.

"ஏலே அழகு, கொட்டகைக்குக் கம்பு வெட்டுறியாமே? சாவு விழுந்த வீடுடா. வருசம் திரும்புற வரைக்கும் நாம கோயில் படி மிதிக்கக்கூடாது. மாலை போட்டவுக நம்ம கையால தண்ணி வாங்குனா அவுக விரதம் என்னாகுறது? அம்புட்டுத் தூரம் நடந்து வாரவுக தலையில பாவத்தக் கட்டப்போறியா? ஒங்க அய்யனே இருந்தாலும் இதத்தான் சொல்லுவான்."

கடைசி வார்த்தைதான் அழகுராஜாவைச் சாய்த்தது. அது உண்மை. விரத விஷயத்தில் அய்யா மயிரிழை பிசகமாட்டார். வெட்டிய கம்புகளை வேலியில் சாத்திவைத்தான். அண்டா கொல்லையில் கவிழ்ந்தே கிடந்தது. ஒரு வருஷம் அடுப்பெரியாவிட்டால் சாமிகள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், அதோடு அய்யா இந்த ரோட்டிலிருந்தும் போய்விடுவார் என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் அவர்கள் வீட்டில் பொங்கல் இல்லை. பொங்கல் கழிந்த வாரம், வெயில் தாழும் நேரத்தில், நத்தம் கூட்டம் வந்துவிட்டது. பச்சை வேட்டியும் வேலுமாக முன்னால் வந்த குருசாமி அய்யனார், கொட்டகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வரப்பைப் பார்த்ததும் நின்றார். பின்னால் நாற்பது பேரும் நின்றார்கள். அழகுராஜா வேலிக்கு இந்தப் பக்கம் தள்ளியே நின்று கும்பிட்டான்.

"கிட்ட வராதீங்க சாமி. அய்யா கார்த்திகையில தவறிட்டாரு. தீட்டு வீடு."

அய்யனார் கையிலிருந்த வேலைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சரி. ஒங்க கையால வாங்கக் கூடாது, அதுவும் சரிதான்," என்றார் அய்யனார் கடைசியில். "போர்த்தண்ணிக்கு என்ன தீட்டு? மோட்டார நாங்க போட்டுக்கிறோம். அண்டாவ நாங்களே வெளக்கி எடுத்துக்கிறோம். நீங்க தள்ளியே நில்லுங்க சாமி."

சித்தப்பா என்ன சொல்வாரோ என்று அழகுராஜா திரும்பிப் பார்த்தான். அவர் விறகு கிடக்கும் இடத்தைக் கையால் காட்டினார். அவர்களே அண்டாவைத் தேய்த்தார்கள், அடுப்பு மூட்டினார்கள், உப்பும் மஞ்சளும் தங்கள் பையிலிருந்து எடுத்துப் போட்டார்கள். ஒருவர் காலை ஒருவர் கழுவினார்கள். கழுவியவர் கழுவிய காலைத் தொட்டுக் கும்பிட்டார். அய்யா செய்வதுபோலவே செய்தார்கள்.

"பாட்டு இல்லாம கால் ஊற மாட்டேங்குதே சாமி," என்றார் அய்யனார். "வாயால பாடுறதுதான, தண்ணியா குடுக்கப்போறீங்க? செத்த நேரம் வாசிங்க."

தீபாதான் பெட்டியைக் கொண்டுவந்து வேலிக்கு உள்பக்கமே ஒரு சாக்கை விரித்து வைத்தாள். அழகுராஜா துருத்தியை அழுத்தினான். முதல் இரண்டு வரியிலும் கூட்டம் கூடவே முணுமுணுத்தது. மூன்றாவது வரி ஏறியது. அவன் இத்தனை வருஷம் ஏங்கிய இடம் வந்தது. விரல் அந்தக் கட்டையில் இறங்கியது.

"முருகா!"

நாற்பது தொண்டையும் ஒன்றாகக் கொடுத்த சத்தத்தில் புது ரீடு எந்தப் பக்கம் போயிற்று என்றே தெரியவில்லை. அழகுராஜாவின் கை நின்றுவிட்டது.

"ஏன் சாமி நிறுத்திட்டீங்க?" என்றார் அய்யனார்.

"இல்ல... அந்த எடத்துல சத்தம் குடுத்தீங்களே..."

"ஆமா, பாட்டுல உள்ளதுதான அது! ஒங்க அய்யா அப்படித்தான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு? நத்தத்துல எங்க பஜனை மடத்துலயும் அப்படித்தான் பாடுறோம். எம்பேத்திக்கு மத்த வரி வராது, அந்த எடம் மட்டும் வரும்."

அழகுராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது அழுகையாகிவிட்டது. சுடுகாட்டிலும் கருமாதியிலும் வராத அழுகை வந்து, அத்தனை பேர் முன்னால், பெட்டிமேல் தலையை வைத்து அழுதான். யாரும் தேற்ற வரவில்லை. காலை வெந்நீரில் வைத்தபடி எல்லாரும் காத்திருந்தார்கள். வேலியோரம் சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தான். மூன்றாவது வரி ஏறியபோது விரலைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாருக்கும் முந்தி அவனே சத்தம் கொடுத்தான்.

மறு வருஷம் கொட்டகை போட்டார்கள். அழகுராஜாவே கால் கழுவினான், அவனே வாசித்தான். முனீர் பாய் போட்ட ரீடு இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. அந்தக் கட்டையை அவன் தொடுவதில்லை.