பதில் வந்திருந்தது

நான் பொய் சொன்னேன். பதில் அனுப்பியவளைப் பதில் அனுப்பாதவள் என்றேன். அந்த ஒற்றை வாக்கியத்தால் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையின் பாதி இயந்திரங்கள் நின்றுபோயின.

இதை உங்களிடம் சொல்வதால் எதுவும் சரியாகிவிடாது… தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

ரொறன்ரோவின் நடுநகரில் எனக்கு வேலை. இரும்பையும் அலுமினியத்தையும் ஐரோப்பாவுக்குள் இறக்குமதி செய்கிறவர்கள், அவற்றைச் செய்தபோது எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது என்று கணக்குக் காட்டவேண்டும். அதற்கேற்ப எல்லையில் வரி. அந்தக் கணக்கை இறக்குமதியாளர்களுக்குத் தயாரித்துக் கொடுப்பது எங்கள் நிறுவனம். உற்பத்தியாளரிடமிருந்து உண்மை விவரம் கிடைக்காவிட்டால், சட்டம் தானாகவே ஓர் அளவை வைத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மையைவிட அதிகம். விவரம் தராதவரின் சரக்கு விலை ஏறிவிடும். அப்புறம் யார் வாங்குவார்கள்?

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஜெர்மானியர். அவருக்கு போல்ட்டும் நட்டும் அனுப்பியவள் சுகந்தி. தகப்பன் இறந்தபின் தொழிற்சாலையைத் தானே எடுத்து நடத்துகிறவள். எனக்கும் தமிழ் தெரியும் என்பதால் அவளை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

முதல் அழைப்பிலேயே என்னை அக்கா என்றாள். "அந்த எக்செல் ஷீட்டைப் பாத்தா தலை சுத்துதுங்க அக்கா. எதை எங்க போடறதுன்னே தெரியலீங்க."

"அதை விடுங்கோ. உங்களிட்ட இருக்கிறதைப் படமெடுத்து என்ரை போனுக்கு அனுப்புங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

நான்தான் சொன்னேன். அவளாக இந்த உதவியைக் கேட்கவில்லை.

அனுப்பினாள். எந்த ஆலையின் கம்பி, உலைக்கு எவ்வளவு எரிவாயு, எல்லாவற்றுக்கும் படம். ஒவ்வொன்றுக்கும் தன் குரலில் விளக்கம். பழைய இரும்பை உருக்கிச் செய்யும் ஆலைக்கு மாறியிருந்தாள். அந்தக் கம்பி விலை கூட. ஆனால் புகை குறைவு. இந்த வரிக்காகவே மாறியதாகச் சொன்னாள். ஒழுங்காகக் கணக்கிட்டிருந்தால் அவளுடைய சரக்குக்கு வரி குறைந்திருக்கும்!

முதல் இரண்டு குரற்பதிவுகளைக் கேட்டேன். மற்றவற்றைத் திறக்கவில்லை. பெரிய தொழிற்சாலைகள் ஒழுங்கான அட்டவணைகளை அனுப்பியிருந்தன, அவை சுலபம். இவளுடையது நாளைக்கு, நாளைக்கு என்று கிடந்தது… அந்த வாரங்களில் அலுவலகத்தில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து மேசை காலியாகியிருந்தது.

கெடு நாளன்று மேலாளர் கேட்டார், அந்த இந்தியத் தொழிற்சாலை என்னவாயிற்று என்று.

"பலமுறை கேட்டேன். விவரம் தரவில்லை."

பயத்தில் சொன்னேனா? ஓம், பயம்தான். ஆனால் பயம் மட்டுமா? அவள் தூரத்தில் இருந்தாள். சின்னவள். என்மேல் யாரிடமும் முறையிடமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை நான் எண்ணிப் பார்த்துத்தான் சொன்னேன்… இதுதான் என்னால் விழுங்க முடியாதது.

வரி ஏறியதும் ஜெர்மானியர் வேறொரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். சுகந்தி என்னை அழைத்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

"பாதி மெஷினை நிறுத்திட்டோமுங்க அக்கா. எதுல கொறை வெச்சோம்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவோம்."

"உங்களில பிழையில்லை. சட்டம் அப்பிடி, தங்கச்சி."

"செரிங்க அக்கா. எங்களுக்காக நீங்களும் எவ்வளவோ பாடுபட்டீங்க."

தங்கச்சி என்று நான் அவளை அழைத்தது அன்றுதான் முதல்முறை.

யூனியன்வில்லில் எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"இதை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"வெக்கம்."

"போய் உண்மையைச் சொல்லும். வேலை போனாப் போகட்டும். நான் இருக்கிறன் தானே."

பாருங்கள், எனக்கிருந்த ஒரே சாக்கையும் அவர் எடுத்துவிட்டார். இனி நான் எதற்கு அஞ்சவேண்டும்?

அடுத்த மாதம் அந்த ஜெர்மானியர் ரொறன்ரோவுக்கு வந்தார். புதிய இடத்துச் சரக்கில் குறைகள், வேறு யாராவது உண்டா என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் மேலாளருடன் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுகந்தியின் தொழிற்சாலைப் பெயரைச் சொன்னேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "விவரம் தராதவர்கள் அல்லவா அவர்கள்?"

மேலாளர் என் முகத்தைப் பார்த்தார். அவள் பதில் அனுப்பியிருந்தாள் என்ற அடுத்த வாக்கியம் என் நாக்கில் இருந்தது. எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வாக்கியம்…

"ஆம்," என்றேன். "அவர்கள்தான்."

"நல்லவேளை, அன்றைக்கே எங்களுக்குச் சொன்னீர்கள். நன்றி," என்றார் அவர்.

"அது என் வேலைதானே," என்றேன்.