விளக்கு அமரும் வரை

திருச்சுழியில் கோயில் கொண்ட பூமிநாதா, சொல்லும் நீ தந்தது, சொல்ல வைப்பதும் நீயே. நடுவில் என் பிழை புகாமல் காத்தருள்வாய். மார்கழித் திருவாதிரை நன்னாளாகிய இன்று, காலை வழிபாட்டை முடித்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கண்ணை மூடினால் முதலில் தெரிவது ஒரு பச்சை விளக்கு. நெல்மணி அளவுதான் இருக்கும். தொண்ணூறுகளில், எங்கள் அருப்புக்கோட்டை வீட்டுக் கணினியின் முகப்பில், உள்ளே வட்டு சுழன்று படிக்கும்போதும் எழுதும்போதும் அது படபடவென்று துடிக்கும். நூற்பாலை அலுவலகத்தில் நான் சுருக்கெழுத்தராக இருந்தேன். வளைகுடா நாட்டில் கணினி பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர் அந்தப் பழைய கணினியை எனக்குத் தேடிக் கொடுத்தார். அவரை நான் பாய் என்பேன். அவருக்கு நான் அண்ணாச்சி, என் மனைவி மதினி.

கணினி எங்களுக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் என் மாமனார். அவர் கோயிலில் பதிகம் பாடியவர். எந்த அடியை இரண்டு முறை எடுப்பார், எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்துவார், எங்கே குரலைத் தாழ்த்துவார் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை; அவர் மறைந்த பிறகு அவருடைய மகளான என் மனைவியின் காதில் மட்டுமே இருந்தது. முதலில் நோட்டுகளில் எழுதினோம். கரையான் அரித்துவிட்டது. அதன் பிறகே கணினி. ஞாயிறுதோறும் அவள் பதிகம் பதிகமாகச் சொல்லுவாள். நான் ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்துக்கொண்டே போவேன். காதில் விழுவதையெல்லாம் கை எழுதிவிடுவது என் தொழில் கொடுத்த பழக்கம். அவள் ஈயை விரட்டியதுகூடப் பதிவாகிவிடும். "நான் பேசுறதையெல்லாமா அடிக்கிறீக? சாமி பாட்டுக்கு நடுவுல ஈ என்னத்துக்கு?" என்பாள்.

அந்த வட்டு வேறு ஒரு கம்பெனியின் பொருள். கணினியின் இயங்குதளத்துக்கு அதனோடு பேசத் தெரியவில்லை. பாய் தாமே ஒரு நிரல் எழுதினார். இடையில் நின்று இரு பக்கத்துக்கும் பேசும் அதைச் சாதன இயக்கி என்பார்கள். எனக்கு விளங்கும்படி அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. இயங்குதளத்துக்கு வட்டுக்குள் சுழலும் தட்டும் தெரியாது, அதைப் படிக்கும் ஊசியும் தெரியாது. "இத்தனையாவது கட்டத்தில் இருப்பதைக் கொடு" என்று மட்டும் கேட்கும். அந்தக் கட்டம் எந்தத் தட்டில், எந்த வளையத்தில் இருக்கிறது என்று இயக்கி கணக்கிட்டு வட்டுக்கு ஆணையிடும். கேட்டவனை அதுவரை உறங்க வைக்கும். வேலை முடிந்ததும் வட்டு ஒரு மணி அடிக்கும். இயக்கி உறங்கியவனை எழுப்பிப் பொருளைக் கையில் கொடுக்கும். ஒரே நேரத்தில் பலர் கேட்டால், கேட்ட வரிசையில் கொடுக்காதாம்.

"விருதுநகர் பஸ்ஸுல கடைசியா ஏறுனவுக வழியில இருக்குற பாலவனத்தத்துக்கு டிக்கெட்டு எடுத்தா, அவுகளத்தான மொதல்ல எறக்கணும் அண்ணாச்சி? வட்டுல ஊசி போற வழியில எந்த எடம் மொதல்ல வருதோ அதுதான் மொதல்ல" என்றார். பிறகு என்னை எச்சரித்தார். "திரையில எழுதியாச்சுன்னு வரும். அதை நம்பி சுவிச்சைத் தொட்டுறாதீக. வரிசையில இன்னும் ஆளு நிக்கும். பச்சை வெளக்கு அணையட்டும்."

"வெளக்க அணையிறதுன்னு சொல்லாதீக தம்பி. அமரட்டும்னு சொல்லுங்க" என்றாள் என் மனைவி. அன்று முதல் அவரும் அமரட்டும் என்றே சொன்னார்.

அறுவை சிகிச்சைக்காக அவள் மதுரைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், நண்பகலுக்குமேல் அடிக்க உட்கார்ந்தோம். மீதமிருந்த பதிகங்களை அன்றே முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம். நாற்பது பதிகங்களை நிற்காமல் சொன்னாள்; நானும் இடையில் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. முடிகிற தறுவாயில் அடுக்களையில் பால் பொங்கும் வாசனை வந்தது. அவள் குரல் கொடுக்க, சேமிக்கும் ஆணையைத் தட்டினேன். எழுதியாயிற்று என்று திரை சொன்னது. வேலை முடிந்ததென்று சுவிட்சை அமுக்கிவிட்டு அடுப்புக்கு ஓடினேன். விளக்கைப் பார்க்கவில்லை.

மதுரையிலிருந்து நான் மட்டும் திரும்பினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கணினியைத் திறந்தபோது, அந்தப் பிற்பகல் அதில் இல்லை. முந்தைய ஞாயிறுகள் எல்லாம் இருந்தன. அன்றைக்கு அவள் சொன்னதில் ஒரு சொல்லும் இல்லை.

பாய் வந்து பார்த்தார். "எழுதாமலே எழுதியாச்சுன்னு சொன்னது என் நிரலு. தப்பு என்னுது அண்ணாச்சி."

"நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீக பாய். சுவிச்ச அமுக்குனது என் கை."

"பாலு பொங்கினா எந்த மனுசன் வெளக்கப் பாத்துக்கிட்டு நிப்பான்? வட்டு மணி அடிக்கிற வரைக்கும் முடிஞ்சதுன்னு சொல்லக்கூடாதுன்னு நாந்தான் எழுதியிருக்கணும்."

பழியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டோம். பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எது எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை பதியாமல் போயிருக்கலாம். ஆனால் சில கட்டங்களில் சொற்கள் விழுந்திருக்கக்கூடும் என்றார். அட்டவணையைக் கேளாமல், ஒன்றாம் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக இயக்கியிடம் கேட்டு வாங்க ஒரு சிறு நிரல் எழுதினார். காலைதோறும் வருவார். ஒரு கட்டத்தில் ஐந்நூறு எழுத்துகளுக்குச் சற்று அதிகம். பொருளற்ற குறிகள், முன்பு அதை வைத்திருந்தவர்களின் பழைய சரக்குப் பட்டியல்கள் என்று திரை ஓடும். நடுவில் அவள் குரல் வருகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். சன்னதியில் திரை விலகக் காத்திருந்தபோதும் நான் அப்படிக் கண் இமைக்காமல் இருந்ததில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஒரே ஒரு கட்டம் கிடைத்தது. அதை நான் படித்தேன்: "மூன்றாம் அடி இரண்டு முறை. கடைசிச் சொல்லில் அப்பா குரலை ஏத்த மாட்டாக, கீழே வச்சு முடிப்பாக. பால் பொங்குது, எந்திரிங்க. ஏங்க, இதையும் அடிச்சிராதீக."

முதலில் சிரித்தவன் நான்தான். சிரிப்பு எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியாது. பாய் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். "மதினி கடைசியா ஏறி பாலவனத்தத்துல எறங்கிட்டாக அண்ணாச்சி" என்றார்.

வேறு எதுவும் கிடைக்கவில்லை. அந்த நாற்பது பதிகங்களையும் இன்றும் ஓதுகிறேன். என் மாமனார் எங்கே மூச்சை நிறுத்தினார் என்று தெரியாமலேயே ஓதுகிறேன். ஒன்றில் மட்டும் மூன்றாம் அடியை இரண்டு முறை பாடி, கடைசிச் சொல்லைக் கீழே வைத்து முடிக்கிறேன். அந்த இடத்தில் பால் வாசனை வருவதை என்னால் தடுக்க முடிவதில்லை. தம் இயக்கியைப் பாய் அன்றே திருத்தினார். வட்டு மணி அடித்த பிறகே அது எழுதியாயிற்று என்றது. அவரும் இப்போது இல்லை.

இதை அடிக்கும் மடிக்கணினியில் அப்படி ஒரு விளக்கே கிடையாது. ஆனாலும் சேமித்த பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருப்பேன். அந்த நேரத்தில் கண்ணுக்குள் நெல்மணி அளவில் ஒரு பச்சை விளக்கு துடித்து, தணிந்து, அமர்கிறது.

இதைப் படிக்கும் எல்லோருடைய இல்லங்களிலும் பால் பொங்குக. எழுந்து வரும்படி அழைக்கும் குரல் அங்கே நெடுநாள் கேட்பதாக. அம்மையும் அப்பனும் துணை நிற்பார்களாக.