மீன் கூடைக்கு ஒரு டிக்கெட்

2008இல் சித்திகா இறந்தபோது பஞ்சாயத்து அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். தெருவிளக்கு, ரேஷன் கடை, சுனாமி அன்று அவர் வீட்டு மாடியில் தங்கிய எழுபது பேர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மீன் விற்கும் காந்தாவையும் பேசக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றாள். அவளிடம் இருந்தது பஸ் கதை. அதைச் சிரிக்காமல் சொல்ல வராது. வீடு திரும்பும் வழியில் கூட வந்த பெண்களிடம் சொன்னாள்.

கோவளத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் 2001 பஞ்சாயத்துத் தேர்தலில் சித்திகாவை நிறுத்தியது அவர் கணவர் பாட்சா. இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பெயர் மனைவிக்கு, நாற்காலி தனக்கு என்று எண்ணியிருந்தார். முதல் கூட்டத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்க எங்க? கடையைத் தொறங்க. ஆணி வாங்க ஆள் நிக்குது" என்று சொல்லிவிட்டு சித்திகா தனியாகப் போனார்.

ஐந்து வேளையும் தொழுவார். கூட்டம் நீண்டால் பின்னறையில் பாய் விரிப்பார். அவர் திரும்பி வரும்வரை தலைவர் எல்லோருக்கும் டீ சொல்லுவார்.

காந்தாவுக்கு அப்போது பஸ்தான் பிரச்சினை. மீன் கூடையைக் கண்டாலே கண்டக்டர்கள் விசில் ஊதிவிடுவார்கள். ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம், அங்கிருந்து இன்னொன்றில் வண்டலூர் என்று மாறி மாறித் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்து வாடிக்கையும் கலைந்திருக்கும். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டு வேலைக்குப் போவது என்று இருந்தாள்.

சித்திகா டிப்போவுக்கு ஆறு முறை நடந்தார். ஏழாம் முறை ஒரு கடிதம் கிடைத்தது. லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கூடையை ஏற்றலாம். தரையில் ஒரு சொட்டு வடிந்தால் இறக்கிவிடலாம்.

முதல் நாள் அவரும் கூட வந்தார்.

"நீங்க எதுக்கு பாயம்மா? நாத்தம் தாங்க மாட்டீங்க."

"பல்லாவரத்துல தோல் பட்டறைக்குப் பின்னால பொறந்தவ நான். உன் மீன் எனக்கு மல்லிப்பூ. ஏறு."

கண்டக்டர் சிட்டிபாபு கடிதத்தை இரண்டு முறை படித்தான். திருப்பியும் பார்த்தான். "ஒரு சொட்டுன்னு போட்டுகீது. அப்புறம் என்னாண்ட சண்டைக்கு வராதீங்க."

கேளம்பாக்கம் தாண்டி ஒரு பள்ளம். கூடைக்குள் போட்டிருந்த பாலிதீன் தாள், ஐஸை உடைத்தபோதே கிழிந்திருந்தது. காந்தா கவனிக்கவில்லை. சிவந்த தண்ணீர் கூடைக்குள் அடியில் திரண்டு, வெளியே கசியப் பார்த்தது. முன் சீட்டில் ஆபீஸ் போகும் ராஜாராமன் தன் தோல் பையைக் காலடியில் வைத்திருந்தார். காந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது, சித்திகா போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியின் ஒரு முனை கூடைக்கு அடியில் இருந்தது. மறுமுனை இன்னும் அவர் தலையில். நிமிர முடியாமல் கூடையோடு கட்டிப்போட்டதுபோல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

சிட்டிபாபு வந்தான். "இன்னாம்மா, ஊத்திகினு கீது?"

"தரையில இருக்கா?"

குனிந்து பார்த்தான். "துணியில கீது."

"துணி உன் டிப்போவுதா?"

அவன் ராஜாராமனிடம் திரும்பினான். "சார், உங்களுக்கு எதுனா கம்ப்ளெயின்ட்?"

ராஜாராமன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சங்கரா மீன் என்ன விலை?"

பஸ்ஸே சிரித்தது. சிட்டிபாபு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சிரித்தான்.

தாம்பரத்தில் கூடையைத் தூக்கினால்தான் சித்திகா எழ முடியும் என்பதால் அவனே ஒரு பக்கம் பிடித்தான்.

"துப்பட்டி போச்சே பாயம்மா."

"வீட்ல சோப்பு இருக்கு. நீ நாளைக்கு நல்ல தாளா போடு."

அந்த வாரம் முழுக்க சித்திகா கூட வந்தார். அடுத்த திங்கட்கிழமை பஞ்சாயத்தில் கூட்டம், வரவில்லை. கடிதமும் அவரிடமே இருந்தது. காந்தா கூடையோடு தனியாக நின்றாள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

சிட்டிபாபு படியில் இறங்கி நின்றான். "இன்னா பாத்துகினு கீற? ஏறு."

பிறகு உள்ளே திரும்பிச் சொன்னான்: "சார், காலை நகத்துங்க. கூடை வருது."