நொயெமியின் ஐந்தாவது நாவலும் அந்த வருடத்துப் பன்றியும்

முயல்களுக்குத் தீனி வைத்து, பால் கறந்து முடித்த பிறகுதான் நொயெமி அடுப்படி மேஜையில் நாவல் எழுத உட்காருவாள். பிரான்சில் அவள் பிறந்து வளர்ந்த லிமூசான் மண்ணை விட்டு அவள் கதை ஓர் அடி நகராது. நான்கு நாவல் வரை ஊரில் யாருக்கும் புகார் இல்லை, யாரும் படிக்கவில்லை. ஐந்தாவதைப் பாதிரியார் புகழ்ந்து பேசப்போக, ஊரே வாங்கிப் படித்துவிட்டது.

அதில் ஒரு வாயாடி வருகிறாள். பன்றி அடித்த நாளில் வம்பளந்தபடி அவள் அடுப்பை மறக்க, கொதி ஏறி, குடலில் ரத்தம் அடைத்துச் செய்த தொத்திறைச்சி அத்தனையும் அண்டாவிலேயே வெடித்துப்போகிறது. திருடி என்று எழுதியிருந்தால்கூட அந்த ஊர்ப் பெண்கள் மன்னித்திருப்பார்கள்.

"அது நான்தானே?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் சொலாஞ்ச்.

"கற்பனை, சொலாஞ்ச்."

"உன் கற்பனைக்கு என் மூக்கு எதுக்குடி?"

எதிர்வீட்டு இர்மாவோ அது தான்தான் என்று சாதித்தாள். இந்தப் போட்டியில் இருவரும் தங்களுக்குள்ளேயே பேச்சை நிறுத்தினார்கள். நொயெமியோடு கேட்கவே வேண்டாம்.

டிசம்பர் வந்தது. பன்றி கொழுத்து நின்றது. ரத்தம் உறையாமல் கிளறவும் குடல் கழுவவும் அண்டை வீட்டுப் பெண்கள் வந்தாக வேண்டும்.

"உன் நாவல வந்து குடல் கழுவச் சொல்லு," என்றார் கணவர் ஃபிர்மேன்.

நொயெமி இரு வீட்டுக் கதவையும் தட்டினாள். "வியாழக்கிழமை பன்னி அடிக்கிறோம். வந்தா வாங்க. அண்டாவ நானே பாத்துக்குவேன்."

அவள் அண்டா பார்க்கும் அழகைக் காண இருவரும் விடியும்போதே வந்துவிட்டார்கள்.

மதியம் தொத்திறைச்சி வெந்நீரில் இறங்கியது. வெங்காயம் எடுக்கப் போன நொயெமி திரும்புகையில், கதவிடுக்கில் பார்த்தாள். இர்மா காவல் நிற்க, சொலாஞ்ச் தடித்த ஓக் கட்டை ஒன்றை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அண்டாவில் கிடந்ததோ காலையிலிருந்து அந்த இருவரும் பாடுபட்டு அடைத்த குடல்தான்.

நொயெமி உள்ளே போகவில்லை. கட்டை நன்றாகப் பற்றும்வரை குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

அண்டாவில் ஒவ்வொன்றாக வெடித்தது.

"அடப்பாவமே," என்றாள் இர்மா, முகமெல்லாம் மலர்ந்து.

"இதையும் எழுதுவியா?" என்றாள் சொலாஞ்ச்.

"எழுதாம?"

"உன் சொந்தப் பேரப் போட்டு எழுதணும்."

"போட்டே எழுதறேன்."

அதன்பிறகு இருவரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இருட்டும்வரை சிரித்துப் பேசி, தொடைக்கறிக்கு உப்புத் தேய்த்துக் கொடுத்தார்கள். ஃபிர்மேன் அண்டாவில் கரண்டி விட்டுக் குடித்தபடி, "ருசி ஒண்ணும் கெடல," என்றார்.

நொயெமி இருவருக்கும் நல்ல கறியாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தாள். ஆறாவது நாவலை அந்த ஓக் கட்டையில் தொடங்கலாமா என்று யோசித்தாள். அடுத்த வருடமும் பன்றி அடிக்க இவர்கள் வர வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.