புது வண்டிக்கு ஒரு மேல்தோல்

நான் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஊஜிட்சே நகரத்தில் ஆற்றை ஒட்டி என் பட்டறை. ஊரில் யார் வண்டி யார் வண்டியை இடித்தாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். அதனால் பெயிண்ட்டைக் காப்பாற்ற வண்டிமேல் ஒட்டுகிறார்களே கண்ணாடி மாதிரி ஃபிலிம், அதைப் பற்றி நான் சொல்வதை யாரும் முழுசாக நம்ப வேண்டாம். கீறலே விழாவிட்டால் நான் எதைத் தின்பது? இதைச் சொல்லிவிட்டே தோப்ரிலா கதைக்கு வருகிறேன்.

தோப்ரிலா என் பக்கத்து வீட்டுக்காரி. சுகாதார நிலையத்தில் நர்ஸ். உள்ளே நிற்கிற நர்ஸ் இல்லை. பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்ததும் அந்த வீட்டுக்கே போய்ப் பார்க்கிறவள். தொப்புள் காய்ந்ததா, பிள்ளை பால் குடிக்கிறதா, தாய் தூங்குகிறாளா, யாருக்கும் தெரியாமல் அழுகிறாளா, எல்லாம் பார்ப்பாள். மலைமேல் சிதறிக் கிடக்கும் ஊர்களெல்லாம் அவள் பொறுப்பு. சந்தையில் மீசை முளைத்த பையன்களைக் காட்டி, "இவனை முதல்ல குளிப்பாட்டினது நான்தான்" என்பாள். பையன்கள் தலைதெறிக்க ஓடுவார்கள்.

எதையும் பொத்திப் பொத்தி வைக்கிறவள் அவள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், ஆனால் இவள் ஒரு படி மேல். டி.வி. ரிமோட் வாங்கின நாளிலிருந்து பாலித்தீன் உறையிலேயே இருக்கும். நல்ல சோபா கிடக்கும் அறையை விருந்தாளிக்கென்று பூட்டி வைத்திருந்தாள். "அந்த விருந்தாளி இன்னும் பொறக்கவே இல்ல" என்பான் அவள் புருஷன் திஹோமிர்.

திஹோமிர்தான் தன் பழைய ஸஸ்தாவா வண்டியில் அவளை மலையெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தான். அவள் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரும்வரை வெளியே வண்டிக்குள் தூங்குவான். ஒரு குளிர்காலத்தில் திடீரென்று நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தான். அதோடு அந்த வண்டியும் எழுந்திருக்கவில்லை. தோப்ரிலா அழுதாள், பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டாள், லைசென்ஸ் எடுத்தாள், இருவரும் சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு அடர் சிவப்பில் ஒரு புது வண்டி வாங்கினாள். வாங்கிக் கொட்டகையில் விட்டாள். விட்டது விட்டதுதான். சாயங்காலம் போய் உள்ளே உட்கார்ந்துவிட்டு வருவாள், வேலைக்குப் பஸ்ஸில் போவாள்.

மலைக்குப் போகும் சாலையில் கல் குவாரி இருக்கிறது. அங்கிருந்து வரும் லாரிகள் வழியெல்லாம் ஜல்லியை இறைத்துக்கொண்டே போகும். அந்தச் சாலையில் புது வண்டியை ஓட்ட அவளுக்கு மனசு வரவில்லை. இதற்குள் சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்: மலை ஊர்களுக்குப் பஸ்ஸில் போய்க் கட்டுப்படியாகாது, இலையுதிர் காலத்துக்குள் சொந்த வண்டியில் வந்தால் சரி, இல்லையென்றால் அந்த ஊர்களை வேறு நர்சுக்குக் கொடுத்துவிடுவோம், நீ டவுனிலேயே தடுப்பூசி போடு என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டே இதைச் சொன்னாள்.

"பென்ஷன் வரைக்கும் ஊசி போடணுமாம், கோம்ஷியா. என்னைப் பார்த்தாலே பிள்ளைங்க கத்தும்."

பக்கத்து வீட்டுக்காரரைக் கோம்ஷியா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவது. அவள் அதை இழுத்துச் சொன்னால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"அப்ப வண்டிய எடு. கொட்டகையில வச்சு முட்டையா இடப்போகுது?" என்றேன்.

"கல்லு பட்டா?"

"பட்டா எங்கிட்ட வா. நான் எதுக்கு இருக்கேன்?"

"நீ அடிக்கிற பெயிண்ட் கம்பெனி பெயிண்ட் மாதிரி இருக்குமா?"

பாருங்கள், என் காபியைக் குடித்துக்கொண்டே கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு மேல் ஒன்று: "ராலே கிட்ட ஃபிலிம் ஒட்டிக்கலாம்னு பாக்குறேன். நீயும் கூட வா."

ராலே என் பட்டறைக்கு நேர் எதிரில் கடை போட்டிருக்கிற பயல். வெள்ளை டைல்ஸ், வெள்ளை லைட், தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அதைப் பட்டறை என்று சொன்னால் பட்டறைக்குக் கேவலம். இருந்தாலும் போனேன். அவள் ஏமாந்துவிடக் கூடாதே.

ராலே ஒரு பழைய கதவில் ஃபிலிமை ஒட்டி, கம்பி பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்தான். மேலே வெந்நீர் ஊற்றினான். கீறல் போன இடம் தெரியவில்லை. தோப்ரிலா கதவைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இவ வண்டிய யாரும் பிரஷ் போட்டுத் தேய்க்கப் போறதில்ல. குவாரிக் கல்லுக்குப் பதில் சொல்லு" என்றேன்.

"சின்னக் கல்லத் தாங்கும், கோய்கோ அண்ணே. பெருங்கல்லு வந்தா ஃபிலிமும் போகும், பெயிண்ட்டும் போகும். அத நான் மறைக்க மாட்டேன்" என்றான். பிறகு அவளிடம், "வண்டி முழுக்க வேணாம். பானெட்டும் பம்பரும் போதும், கல்லு அங்கதான் அடிக்கும். ஒட்டின புதுசுல ஒரு வாரம் கழுவாதீங்க. ஓரத்துல ஸ்பிரிட் கிரிட் எதுவும் படக்கூடாது" என்றான்.

யோக்கியமாகப் பேசுகிறவனோடு சண்டை போடுவது கஷ்டம். ஃபிலிம் ஒட்டியாயிற்று. மறுநாள் காலையில் சிவப்பு வண்டி என் ஜன்னலைத் தாண்டி மலைப் பக்கம் போனது. எத்தனையோ மாதம் நான் சொல்லி நடக்காதது, ஒரு தாளை ஒட்டியதும் நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

அன்று அவள் முதலில் போனது யெலோவா கோரா என்கிற மலை ஊரில் பிளகோயே வீட்டுக்கு. அவனுக்கு மகள் பிறந்திருந்தாள். எங்கள் பக்கம் முதல் பிள்ளை பிறந்தால் சிநேகிதர்கள் வந்து அப்பன்காரன் சட்டையைக் கிழிப்பார்கள். அவர்கள் கிழித்திருந்தார்கள், கழுத்துப்பட்டியும் ஒரு கையும் மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு பிளகோயே ஊருக்கெல்லாம் ரக்கியாச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தான். தோப்ரிலா வண்டி ஓட்ட வேண்டும் என்று குடிக்க மறுத்துவிட்டு, பிள்ளையை எடை பார்க்க உள்ளே போனாள்.

வெளியே இருந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். புத்தம் புதுசு. யாரும் இதுவரை ரக்கியா ஊற்றி வாழ்த்தின மாதிரி தெரியவில்லை. சாதாரணமாகச் சக்கரத்தில் நாலு சொட்டு விடுவார்கள். பிளகோயே அன்று எதையும் சொட்டுக் கணக்கில் செய்யும் நிலையில் இல்லை. பானெட் முழுக்க ஊற்றி, கிழிந்த சட்டைத் துண்டாலேயே பளபளவென்று தேய்த்துவிட்டான். வீட்டில் காய்ச்சின பிளம் ரக்கியா, தீக்குச்சி காட்டினால் எரியும். ஒட்டின பசை காயாத ஃபிலிம் ஓரத்தில் இளகி, சட்டைத் துணியோடு சுருண்டு வந்துவிட்டது.

தோப்ரிலா வெளியே வந்தபோது எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"சிஸ்டர், வண்டி தோல் உரியுது. உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்றான் பிளகோயே, நிஜமான கவலையோடு.

எனக்கு இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அங்கே சிரிக்கவில்லை. திரும்ப டவுனுக்கே இறங்கி ராலேயிடம் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் மேலே கடைசி வீட்டில் யாசென்கா என்று ஒரு சின்னப் பெண், பிள்ளையோடு தனியாக இருந்தாள். புருஷன் ஆஸ்திரியாவில் கட்டட வேலை. பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது என்று காலையில் போன் செய்திருந்தாள்.

தோப்ரிலா பையைத் திறந்து, கட்டுத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். பானெட்டில் உரிந்து ஆடிக்கொண்டிருந்த ஃபிலிமை இழுத்துப் பிடித்துப் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாள். அதைச் சுருட்டிப் பிளகோயே கையில் கொடுத்தாள்.

"பிடி. மகளுக்குப் பட்டம் செஞ்சு குடு" என்று வண்டியை எடுத்தாள்.

யாசென்காவின் பிள்ளை கண்ணின் வெள்ளை வரைக்கும் மஞ்சளாக இருந்தது. காமாலை என்று தோப்ரிலா பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை காத்திருக்க மனசில்லை. தாயையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தாள். குவாரிப் பக்கம் ஒரு லாரி முன்னால் போனது. ஃபிலிம் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு கல் 'டக்'கென்று அடித்தது. யாசென்கா பதறினாள்.

"ஐயோ அக்கா, வண்டி..."

"அத விடு. பிள்ளை முழிச்சிருக்கா, அதப் பாரு."

ஆஸ்பத்திரியில் பிள்ளையை நீல விளக்குக்குக் கீழே வைத்தார்கள். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். மலை ஊர்களை வேறு யாருக்காவது கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது.

அந்த வாரக் கடைசியில் தோப்ரிலா என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினாள். பானெட்டில் பயறு அளவுக்குப் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. எதிர்க் கடையிலிருந்து ராலேயும் ஓடிவந்தான்.

"புது ஃபிலிம் போட்டுத் தர்றேன். ரக்கியாவுக்கு நான் பொறுப்பில்ல, இருந்தாலும் போட்டுத் தர்றேன். ரெண்டு நாள் வண்டிய விடுங்க" என்றான்.

"பானெட்ட மொத்தமா அடிச்சுத் தர்றேன். கம்பெனிக்காரனே கண்டுபிடிக்க மாட்டான். மூணு நாள்" என்றேன் நான். கம்பெனிப் பெயிண்ட் பற்றி அவள் சொன்னது இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஃபிலிம் தேவையா என்று இப்போதும் கேட்கிறார்கள். முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள் என்கிறேன், ராலே காதில் விழாதபடி. ஜல்லிச் சாலையில் போகிற வண்டிக்கு அது உதவும். தோப்ரிலாவுக்கு அது செய்த உதவி வேறு. கொட்டகைக் கதவைத் திறக்க வைத்தது. அதை என் பெயிண்ட்டால் செய்ய முடிந்திருக்காது.

அன்று நாங்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை அவள் எஞ்சினை அணைக்கவே இல்லை.

"ரெண்டு நாளும் கிடையாது, மூணு நாளும் கிடையாது. யாசென்காவும் பிள்ளையும் இன்னிக்கு வீட்டுக்குப் போறாங்க, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறாங்க. துருப் பிடிக்காம எதையாவது தொட்டு வை, கோம்ஷியா. சீக்கிரம்."

நான் சின்ன பிரஷ்ஷில் சிவப்பைத் தொட்டு அந்தப் புள்ளியில் வைத்தேன். வண்டியின் நடுக்கத்தில் புள்ளி கொஞ்சம் விலகித்தான் விழுந்தது. காயட்டும், ஒரு நிமிஷம் நில் என்றேன். அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.