சமன்பாடு லாபம்

இன்று மாலை ரயிலில் என் கணக்குத் தீசிஸ் சென்னைக்குப் போயாக வேண்டியிருந்தது. அதை டைப் அடித்த ஸ்டெல்லா அக்காவிடம் வாங்கிவர, மோகனூர் மாமாவோடு மதியம் சேலம் போனேன்.

தாள்கட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே அக்கா கேட்டார்: “ஏனுங்க தம்பி, இந்த லாபம்ங்கறவரு வடக்கத்திக்காரருங்களா? எல்லா அத்தியாயத்துலயும் வாராரே!”

அவிழ்த்துப் புரட்டினேன். ‘சமன்பாடு 1’ என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘சமன்பாடு லாபம்’ என்று ஆங்கிலத்தில் அழகாக அடித்திருந்தார்.

என் கையெழுத்து அக்காவுக்குப் புரியாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லி மாமாவை அனுப்பியிருந்தேன். இங்கிலீஷ் நன்றாக வாசிப்பார். ஆனால் வருஷமெல்லாம் களத்தில் நெல் அளப்பவர்.

“மொத எண்ணை ஒண்ணுன்னு எவனாச்சும் சொல்லுவானா மாப்ளே? லாபம், ரெண்டு, மூணுன்னுதானே எண்ணோணும்!” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மூவரும் பிளேடும் ரப்பருமாக உட்கார்ந்து, கார்பன் நகல்கள் உட்பட எல்லாவற்றிலும் லாபத்தைச் சுரண்டினோம். சில தாள்கள் ஓட்டையே ஆகிவிட்டன. வண்டி ஊதும் நேரத்தில்தான் கட்டை ஏற்றினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது: படங்களுக்குக் கீழே உள்ள குறிப்புகளை நாங்கள் பார்க்கவே இல்லை.

“யாரப்பா இந்த லாபம்?” என்று தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நஷ்டம் யார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.